மூன்றாவது குறுக்குத் தெருவின் படிகள்

குன்றத்தூர் மலைக்கோயிலுக்கா சார்? அப்படியானால் நீங்கள் கடைசி வரைக்கும் உட்கார்ந்து போவீர்கள். நான் பாதியிலேயே, சித்தேரி நகர் ஆர்ச்சில் இறங்கிவிடுவேன். சட்டையைப் பார்த்துத் தள்ளி உட்கார வேண்டாம், சிமெண்ட்தான். காய்ந்து ஒரு வாரமாகிறது, ஒட்டாது. இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

கொத்தனாரா என்று கேட்கிறீர்கள். நிஜக் கொத்தனார் ஏழுமலையின் காதில் இது விழுந்தால் பூசுகிற கரணையாலேயே ஒன்று போடுவார். நான் அவருக்குச் சித்தாள். அதுவும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஹாலந்தில் இன்ஜினியராக இருந்தேன். சிரித்தால் பரவாயில்லை சார், என் மனைவி சுபத்ரா ஒரு வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

என் பேர் நீலமேகம். இந்த ஊர்க்காரன்தான். ஊர் என்றால் மேற்கு மாம்பலத்தில் ஆறேழு தெரு. பிறந்தது, படித்தது, முதல் வேலைக்குப் போனது எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. அதையே சென்னை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஹாலந்தில் யாராவது உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் கடற்கரையில் தொடங்கி கோபுரத்தில் முடிப்பேன், நடுவில் ஒரு காப்பி. அங்கே என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன், யான் என்று பேர், அம்பத்தூரில் மூன்று மாதம் வேலையாகத் தங்கிவிட்டு வந்தவன். சாப்பாட்டு மேஜையில் என்னிடம் கேட்டான், கொரட்டூரில் ஓர் ஏரி இருக்கிறதே, அங்கே இப்போதும் சாயங்காலத்தில் பறவைகள் வருகின்றனவா என்று. நான் கொரட்டூருக்குப் போனதே இல்லை. "வரும், வரும்" என்றேன். என் ஊரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரனிடம் குத்துமதிப்பாகப் பதில் சொன்னேன் சார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வருஷம் திரும்பி வந்து குரோம்பேட்டையில் ஃபிளாட் வாங்கினோம். வந்த கையோடு அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புறநகர். பெரிய கோயில், கடற்கரை, யாராவது வந்து படம் பிடிக்கிற மாதிரி ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்துப் போவது. போய் நடப்பது. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு இடம். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? சுபத்ராவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"நடந்துட்டு?"

"நடந்துட்டுத் திரும்பி வருவேன்."

"அதுக்கு நம்ம தெருவிலேயே நடக்கலாமே. வரும்போது பாலாவது வாங்கிட்டு வரலாம்."

இப்போது என் கோலத்தைச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில்தான் கெட்டது. ஹாலந்தில் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்கிற ஜாக்கெட் ஒன்று, கிளிப்பச்சை நிறம், வெளிச்சம் பட்டால் மின்னும். இந்த ஊர் லாரிகளுக்குப் பயந்து சுபத்ரா அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கழுத்தில் பட்டைக் கயிற்றில் தொங்குகிற ஓர் அட்டை. அது எங்கள் அடுக்குமாடியின் கேட் திறக்கிற அட்டை, சட்டைப் பையில் வைத்தால் தொலைத்துவிடுகிறேன். கையில் கறுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு. இதெல்லாம் போதாதென்று, நடக்கும்போது நான் எடுத்து வைக்கும் எட்டுகளை வாய்விட்டு எண்ணுவேன். ஃபோனே எண்ணித் தருமே என்பீர்கள். ஆட்டோவில் போனாலும் அது எண்ணுகிறது சார், அதை ஓர் இன்ஜினியர் எப்படி நம்புவது? தெருமுனையில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு, மூன்று. முடிவில் நோட்டில் குறிப்பேன். நடுவில் கண்ணில் படுவதை எல்லாம் எழுதுவேன். முதலில் இங்கிலீஷில் எழுதி, அதற்கு வெட்கப்பட்டு, பக்கத்திலேயே தமிழில்.

பொழிச்சலூர், நன்மங்கலம், கோவிலம்பாக்கம் என்று ஆறு இடம் போனேன். நாய்கள் தவிர யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஏழாவதுதான் சித்தேரி நகர், மூன்றாவது குறுக்குத் தெரு. பத்தொன்பது வீடு. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். அப்படி ஒரு படி வரிசையை நான் பார்த்ததே இல்லை.

அங்கே வீடெல்லாம் உயரம். ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள், ஒரு வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, அதனால் வீட்டையும் உயர்த்திக் கட்டினார்கள். இதை எல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு வாசலிலிருந்தும் மூன்று, நான்கு, ஐந்து படிகள் தெருவுக்குள் நீண்டு வருகின்றன, ஒன்று மாதிரி ஒன்று இல்லை என்பதுதான். மிச்சம் விழுந்த டைல்ஸில் ஒன்று, கடப்பாக்கல்லில் ஒன்று, சிவப்புச் சிமெண்டில் ஒன்று. என் புறநகருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் துள்ளினேன். வீட்டு எண் போட்டு, படியின் எண்ணிக்கை போட்டு, நிறம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

நாலாவது வீட்டை எட்டுவதற்குள் எனக்கு ஒரு நாற்காலி வந்துவிட்டது. ஆறாவது வீட்டில் மோர். எட்டாவதில் இளநீர். ஒருவர் குடையோடு கூடவே நடந்தார். அவர்தான் முனிரத்தினம், நகர் நலச் சங்கத் தலைவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவேன் என்று அவரே சொன்னார். என் முகத்தையும் நன்றாகத்தான் பார்த்தார்.

"சார் எந்த ஆபீஸ்?"

"ஆபீஸெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புரியுதுங்க சார். அப்படித்தான் சொல்லணும்."

எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன்.

"படியைத்தான் பார்க்குறீங்க போல."

"ஆமாங்க. எனக்குப் படிதான் முக்கியம்."

பின்னால் ஓர் அம்மா "ஐயையோ" என்றார். ரசனை இல்லாதவர் போல என்று நான் நினைத்துக்கொண்டேன் சார். இப்போது சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடைசிக்கு முந்தின வீட்டில் படி இல்லை. ஒரு ராம்ப். வாசலிலிருந்து புறப்பட்டு, வீட்டு முகப்பை ஒட்டியே சரிந்து போய், முனையில் லேசாக வளைந்து தெருவில் இறங்குகிறது. மேலே, வாசலில், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். சின்ன வயதிலேயே கால்கள் சூம்பியவர். பேர் பிலோமினா, என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"உங்க ராம்பைத்தாங்க. இந்தத் தெருவிலேயே இதுதான் நீளம்!"

பாராட்டாகத்தான் சொன்னேன். பக்கத்தில் குடையோடு முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் சுபத்ராவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். புறநகர் மக்களின் விருந்தோம்பல், முன்பின் தெரியாதவனுக்கு மோர், இளநீர், குடை. இருபத்திரண்டு வருஷத்தில் ஹாலந்தில் எனக்கு யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பார்களா என்றெல்லாம். அவள், "யாருன்னு நினைச்சுக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்.

இரண்டு வாரம் கழித்து அவளையும் அழைத்துக்கொண்டு போனேன், படிகளைக் காட்ட. போனால் படிகளே இல்லை சார்.

ஒரு படி இல்லை. பத்தொன்பது வீட்டு வாசலும் வெட்டி எடுத்த மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. ஒரு வாசலுக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி. ஒன்றில் பிளாஸ்டிக் முக்காலி. ஒன்றில் ஆட்டுக்கல், அதன்மேல் கால் வைத்து ஓர் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார், கதவைப் பிடித்தபடி. நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்தேன். தெரு மாறி வந்துவிட்டோம், இது நான்காவது குறுக்குத் தெரு, இங்கே படி வைக்காத ஒரு கட்டடப் பழக்கம் இருக்கிறது, அடுத்தடுத்த தெருவிலேயே இப்படி ஒரு வித்தியாசம், ஆராய வேண்டும். அரைப் பக்கம் எழுதிவிட்டேன்.

சுபத்ரா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "இடிச்ச தூள் அப்படியே கிடக்குது, தெரியல? கேட்டா என்ன?"

கேட்டாள். நான் ஏழு புறநகரில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை சார், பார்த்ததோடு சரி. அவள் நேராக பிலோமினாவிடம் போனாள். அவர் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர் தெருவில் வெயிலில் நின்றது. ராம்ப் இருந்த இடத்தில் செங்கல் துண்டுகள்.

"ஏங்க, எல்லார் வீட்டுப் படியும் எங்கே?"

"ஒரு ஆபீசர் வந்தாரும்மா. பச்சை ஜாக்கெட்டு. எட்டு வெச்சு அளந்தாரு, வீட்டு நம்பர் போட்டு எழுதினாரு. மழைநீர்க் கால்வாய் தோண்டப் போறாங்க, ரோட்டுக்கு வந்ததெல்லாம் போயிடும்னு தலைவரு சொல்லிட்டாரு. ஜேசிபி வந்தா படியோட நிக்காது, வராண்டாவையும் சேர்த்துக் கடிச்சிடும். அதுக்கு முந்தி நாமளே உடைச்சிக்கிட்டா வீடு தப்பிக்கும்னு எல்லாரும் சேர்ந்து உடைச்சாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதோ, இவருதான் அந்த ஆபீசரு."

சுபத்ராவும் என்னைப் பார்த்தாள். திருமணமாகி இருபது வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

பிலோமினாவின் ராம்ப்தான் முதலில் போயிருக்கிறது. தெருவிலேயே நீளமானது என்று ஆபீசரே சொல்லிவிட்டாரே. அவர் கடையிலிருந்து திரும்புவதற்குள் முனிரத்தினம் கடப்பாரையோடு நின்றிருக்கிறார். அந்த ராம்பை பிலோமினா மூன்று தடவை கட்டியிருக்கிறார் சார். முதல் தடவை செங்குத்தாகி வண்டி கவிழ்ந்தது, இரண்டாவது தடவை வண்டியைத் திருப்ப இடம் பற்றவில்லை, மூன்றாவதுதான் சரியாக வந்தது. அது போன பிறகு தினமும் காலையில் எதிர்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கி ஸ்கூட்டரில் உட்கார வைக்கிறார்கள், சாயங்காலம் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். அவர்கள் தூங்கி எழுந்து வருகிற நேரத்துக்குத்தான் கடை திறக்கும். அதற்குள் பக்கத்துக் கடைக்குக் கூட்டம் போய்விடுகிறது.

"கடை கிடக்கட்டும் சார். நாப்பத்திரண்டு வயசுல என்னை மூட்டை மாதிரி தூக்குறாங்க. அதுவும் பல் விளக்காத வாயோட."

அங்கேயே எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நான் ஆபீசர் இல்லை, எந்த அரசாங்கத்துக்கும் என்னைத் தெரியாது, சும்மா நடக்க வந்தவன் என்று. பத்தொன்பது வீட்டுக்காரர்களும் கேட்டார்கள்.

"நடக்கவா?" என்றார் பன்னிரண்டாம் நம்பர் வீட்டம்மா. "உங்க ஏரியாவுல ரோடு இல்லையா?"

"இருக்கு. ஆனா நம்ம ஊரை நாமே பார்க்கணும்னு..."

"இங்க என்ன இருக்கு பார்க்க?"

நிரூபிக்க வேண்டுமே என்று நோட்டைத் திறந்து வாசித்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். "பன்னிரண்டாம் எண். நான்கு படிகள். மயில் கழுத்து நிற டைல்ஸ். மூன்றாவது படியின் வலது மூலை உடைந்து, பல் விழுந்த குழந்தையைப் போல் சிரிக்கிறது." எல்லோரும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். எனக்கு ஒரு கணம் உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

"உடைஞ்ச மூலைகூட எழுதி வெச்சிருக்காரு," என்றார் ஒருவர், பயந்துபோய்.

முனிரத்தினம் கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார். என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தார். "எங்களுக்கு முன்கூட்டியே தெரியற மாதிரி நடந்துக்கிட்டீங்கன்னு மேல யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க, இல்ல? சஸ்பெண்டா சார்?"

இல்லை என்று கத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தார்கள்.

சரி, நேர்மையான வழியில் போவோம் என்று அந்தப் பகுதியின் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். அந்தத் தெருவில் எந்த அளவெடுப்பும் நடக்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை மூடினார்.

"நடந்ததுன்னா நடந்ததுன்னு குடுக்கலாம். நடக்காதது நடக்கலன்னு எப்படி சார் லெட்டர் போடுறது? ஃபைல் இல்லையே."

"ஃபைல் இல்லங்கறதைத்தான் கேக்கறேன்."

"அதுக்கும் ஃபைல் வேணும் சார்."

நல்ல மனிதர். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் உட்காரச் சொன்னார். மூன்றாவது தடவை போய்விட்டு வந்த அன்று, சுபத்ரா கதவைத் திறந்ததும் சொன்னாள். அவள் பிலோமினாவோடு ஃபோனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது. அன்று காலையில் தூக்கும்போது தம்பிக்காரனின் கை நழுவி, அவர் கீழே விழுந்து, மணிக்கட்டு பிசகிவிட்டது. வலது மணிக்கட்டு, வண்டி ஓட்டுகிற கை. கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்று வாரத்துக்குக் கடை கிடையாது.

அன்றைக்கே பிலோமினா என்னிடம் ஃபோனில் பேசினார். "சார், நீங்க ஆபீசர் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எந்த ஆபீசராவது படியைப் பார்த்துச் சிரிப்பானா?"

"அப்ப ஏங்க நீங்க சொல்லல?"

"நான் சொன்னா யார் கேட்பா? அளந்தது நீங்க, நம்பினது அவங்க. இப்ப நான் ராம்ப் கட்டிக்கறேன்னா தலைவரு விட மாட்டேங்கறாரு. ஒரு வீட்டுல கட்டினா அதைச் சாக்கு வெச்சு ஜேசிபி வந்துடுமாம். நீங்க நடந்ததால போச்சு. நீங்களே நடந்து திருப்பிக் குடுங்க. அதே ஜாக்கெட்டு, அதே நோட்டு. என் வீட்டு முன்னால நின்னு, இது இருக்கலாம்னு ஒரு வார்த்தை. கை சரியானதும் சொல்றேன், வாங்க."

அரசாங்க ஆள் என்று நடிப்பது குற்றம் சார், உள்ளே போட்டுவிடுவார்கள். நான் ஹாலந்தில், கடைக்காரன் கணக்கில் விட்டு, பையின் அடியில் தங்கிப்போன ஓர் எலுமிச்சம்பழத்துக்குக் காசு கொடுக்க, பனியில் இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போனவன். இதை பிலோமினாவிடமும் சொன்னேன். "எலுமிச்சம்பழத்துக்குப் போனீங்க இல்ல?" என்றார். "அப்ப இதுக்கும் வாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருமுனையிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். அன்றைக்கு எண்ணும்போது குரல் நடுங்கியது, அதனால் இன்னும் அதிகாரமாக இருந்ததாம், சுபத்ரா சொன்னாள். எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், இறங்க முடியாமல் மேலேயே நின்றார்கள். பிலோமினா வீட்டு முன்னால் நின்றேன். "இது இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஆபீசராகச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "இங்க ஒரு ராம்ப் இருந்தது. அது இருக்கணும்," என்றேன். அதைச் சொல்ல எந்த ஆபீசும் வேண்டாம் பாருங்கள், அதனால் வந்துவிட்டது.

"எழுத்துல குடுங்க சார்," என்றார் முனிரத்தினம்.

அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பினார்.

"சீல் இல்லையே?"

"சஸ்பெண்டுல இருக்கறவருக்கு ஏது தலைவரே சீல்?" என்றார் பிலோமினா, உள்ளே இருந்து.

முனிரத்தினத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஏழுமலை ஏற்கெனவே தயாராக வந்து காத்திருந்தார். பிலோமினா கட்டுப் பிரித்த கையை நீட்டி அளவு சொன்னார், ஒரு முழத்துக்கு மூன்று விரல் இறக்கம். நான் ஃபோனில் கோணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு, "இதுல சிமெண்ட் நிக்குமா சார்?" என்றார். அவருடைய சித்தாள் அன்றைக்கு வரவில்லை. கலவை காய்ந்துகொண்டிருந்தது. என்ன நினைத்தேனோ, ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலவைச் சட்டியைத் தூக்கினேன். முதல் சட்டியில் பாதி என் சட்டைக்குப் போயிற்று. இரண்டாவதைத் தூக்கினேன். மூன்றாவதைத் தூக்கும்போது எல்லோரும் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

முனிரத்தினம் என் எதிரில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மறுபடி முகத்தை.

"ஆபீசர் சட்டி தூக்க மாட்டான்," என்றார் மெதுவாக.

"நான் இதைத்தாங்க அன்னைக்கே..."

"நீ நெசமாவே சும்மாத்தான் வந்தியா?"

வந்தீங்களா இல்லை சார், வந்தியா. மரியாதை போய்விட்டது. உங்களுக்குப் புரியுமோ தெரியாது, எனக்கு அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஐந்து நிமிஷம்தான். பிறகு பத்தொன்பது வீடும் பேசியது. பன்னிரண்டாம் நம்பர் வீட்டம்மா கையில் கிடைத்த டைல்ஸ் துண்டோடு வந்தார். "மயில் கழுத்துன்னு எழுதினியே, இந்த டைல்ஸ் இப்ப எங்கய்யா கிடைக்கும்? எங்க மாமியார் ஆட்டுக்கல்லு மேல ஏறி இறங்குது, விழுந்தா அதையும் எழுதுவியா?" நான் சட்டியோடு நின்றேன். எதற்குத்தான் வந்தாய் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, கொரட்டூர் ஏரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்லவேளை, ஆரம்பிக்கவில்லை.

"கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க," என்றார் பிலோமினா. "கலவை காயுது."

நிஜ ஆபீசர் வந்தால் என்ன செய்வது என்று முனிரத்தினம் கேட்டார். "வந்தா பேசிக்கலாம் தலைவரே. வராதவனுக்குப் பயந்து நாமளே உடைச்சிக்கிட்டா, அவன் வந்து செய்ய என்ன இருக்கு?" அவர் விறுவிறுவென்று போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நனைத்த கோணிகளோடு வந்து, பூசின வரைக்கும் தானே போர்த்தினார். இந்த ஏழு நாளும் காலையும் மாலையும் அவர்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். முதல் கடப்பாரை அவருடையது இல்லையா?

எனக்கு விதித்த தண்டனை, ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சட்டி தூக்குவது. பதினெட்டு வீட்டுப் படியும் முடிகிற வரைக்கும். ஐம்பத்திரண்டு புறநகர் சார்! ஏழாவதிலேயே நின்றுவிட்டது. என் வருத்தத்தைச் சொன்னால் சுபத்ராவுக்குச் சிரிப்பு வருகிறது. அவளும் வருவாள், அவளுக்கு அங்கே இப்போது ஆறேழு பேர் சிநேகிதம், எனக்கு ஏழுமலை மட்டும்தான், அவரும் திட்டுவார்.

ஆனால் இன்றைக்கு அதில்லை. இன்றைக்கு ஏழாம் நாள். காலையில் கோணியை எடுத்துவிட்டு பிலோமினா முதல் தடவையாக வண்டியில் இறங்கப் போகிறார். பத்து மணி என்று சொல்லியிருக்கிறார், நான் வருவதற்காக இல்லை, வெயில் ஏறுவதற்கு முன்னால். ராம்ப் சரியாக வரவில்லை என்றால் இனிமேல் யாரும் தன்னைத் தூக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன், கடையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வெறும் பேச்சு இல்லை சார், அவர் எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவு பேசிக்கொண்டு வருகிறேன். வாய் நின்றால் வயிறு பேச ஆரம்பித்துவிடும். மணி என்ன ஆகிறது? பத்தே காலா? இறங்கியிருப்பார். அல்லது இறங்கவில்லை.

ஆர்ச் வந்துவிட்டது, கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், நான்... சார், அங்கே பாருங்கள். அந்த இளநீர்க் கடைக்குப் பக்கத்தில். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், பார்த்தீர்களா? ஆமாம், அவர்தான். மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து இந்த மெயின் ரோடு வரைக்கும்... யாராவது கூட வந்திருக்கிறார்களா, தெரிகிறதா உங்களுக்கு? யாரும் இல்லை. தனியாகத்தான் வந்திருக்கிறார்.

என்ன கத்துகிறார்? இந்த டிரைவர் ஹாரனை விட்டால்தானே கேட்கும். என்னங்க? ராம்ப் எப்படி?

கேட்டீர்களா சார், என்ன சொல்கிறார் என்று? இறங்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறதாம். அந்த ஓரத்தை எவன் பூசினான், ஏழுமலை நான் இல்லைன்னு சாதிக்கிறாரே என்கிறார்.

இடது ஓரம் நான் பூசியது. ஏழுமலை டீ குடிக்கப் போன நேரத்தில், ஆசைப்பட்டு.

இதோ இறங்கிட்டேங்க! வந்துட்டேன்! பன்னிரண்டாம் நம்பரில் மணல் கொட்டியாயிற்றாம் சார், சீக்கிரம் வரச் சொல்கிறார். பாருங்கள், நான் இறங்குவதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். நிற்கவே மாட்டார். வருகிறேன் சார், ஓட வேண்டும்.